கேட்காமல் போட்ட ஓட்டு

எங்கள் ஊரில் சுமார் அறுநூறு பேருக்கு ஓட்டு இருந்தது. விழுந்தது எப்போதும் ஒரே ஓட்டுதான்.

இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். உப்பூரிலிருந்து மேற்கே உள்ளே போகும் சாலையில், கண்மாயை ஒட்டிய விவசாய ஊர். தேர்தல் அறிவித்து வேட்பாளர்கள் யார் என்று தெரிந்ததும், கோயிலுக்கு முன்னால் இருக்கும் மந்தைத் திடலில் ஒரு சாயங்காலம் தலைக்கட்டுகள் கூடும். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண், கோயில் வரி கொடுக்கிறவன். இந்த முறை எந்தச் சின்னம் என்று ஊர்த் தலைவரான அம்பலக்காரர் சொல்வார். வீட்டுக்குப் போய் ஆண்கள் பெண்களிடம் சொல்வார்கள். அவ்வளவுதான் தேர்தல். பதிலுக்கு ஊருக்கு ஏதாவது வரும். ஒரு தேர்தலுக்கு மைக் செட். இன்னொரு தேர்தலுக்கு விருந்து சமைக்கும் அண்டாக்கள். வேறொன்றுக்குக் கலையரங்கத்தின் தகரக் கூரை. தனி ஆள் கை நீட்டி வாங்கினால் கேவலம் என்பார்கள். ஊர் சேர்ந்து வாங்கினால் அதற்குப் பெயர் ஒற்றுமை.

இந்த ஒற்றுமைக்கு நடுவில் முப்பது வருஷம் ஒரு பெண் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்: "என்னையக் கேட்டீகளா?"

எனக்கு அவள் அத்தை முறை. அப்பாவின் பெரியப்பா மகள். ஊரில் நர்ஸம்மா என்றும், அவள் காதில் விழாதபோது சீமைக்காரி என்றும் சொல்வார்கள். மதுரையில் நர்ஸ் படிப்பு முடித்து இங்கிலாந்துக்குப் போய், வடக்கே கம்பளித் துணி நெய்யும் ஒரு சின்ன நகரத்தின் ஆஸ்பத்திரியில் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, எழுபத்து நான்கில் தகப்பனாருக்குப் பக்கவாதம் வந்தபோது திரும்பினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தகப்பனார் இறந்த பிறகு வீடும் நிலமும் அவள் பெயருக்கு வந்தன. அந்த இங்கிலாந்து ஊரின் பெயரை எங்கள் ஊரில் ஒருவராலும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. எல்லாருக்கும் அது லண்டன்தான். "லண்டன் இல்ல. மெட்ராஸும் தொண்டியும் ஒண்ணா?" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவாள். யாரும் திருந்தவில்லை.

வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டுத்தான் தெருவில் நடப்பாள். நர்ஸுகள் குத்திக்கொள்ளும், தலைகீழாகத் தொங்கும் கடிகாரத்தைச் சேலையின் தோள்பக்கம் குத்தியிருப்பாள். ரேஷன் கடையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னால் கூட வரிசையில் நிற்பாள். முன்னால் வரச் சொன்னால் கோபம் வரும். வரிசையில் புகுந்தவனைச் சட்டையைப் பிடித்துப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துவாள். காயத்துக்குக் கட்டுப் போட வருகிறவர்களை முதலில் ஐந்து நிமிஷம் திட்டுவாள், பிறகுதான் பஞ்சை எடுப்பாள். யாருக்கும் அவளை எளிதாகப் பிடித்துவிடாது. எனக்கும் பல வருஷம் பிடிக்கவில்லை.

புண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் சொல்லும் கதை ஒன்று இருந்தது. அந்த இங்கிலாந்து ஊரின் தொகுதிக் கதை. அவள் வார்டில் நெடுநாள் படுத்திருந்த ஒரு கிழவி, மில்லில் தறி ஓட்டியவள், சொன்னது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது ராமாயணம் மாதிரி மனப்பாடம்.

"முன்னாடி அந்த ஊருக்குப் பார்லிமெண்டுல ரெண்டு மெம்பர். ஆனா ஓட்டு உள்ளவன் ஒரு தெருவுக்குக் காணாது. மத்தவனெல்லாம் வேடிக்கை பார்க்கணும். ஓட்டுன்னா சீட்டு இல்ல. மேடையில ஏறி நின்னு, இன்னாருக்குன்னு வாயால சொல்லணும். கீழ ஜமீந்தாரோட கணக்கப்பிள்ளை நிப்பான். மாத்திச் சொன்னா மறுநாள் வீட்டக் காலி பண்ணணும். அந்தக் கெழவியோட தாத்தன் மாத்திச் சொன்னான். சட்டி பானையோட ரோட்டுக்கு வந்தான்."

"அங்கயுமா ஜமீன் இருந்துச்சு?" என்று யாராவது கேட்பார்கள்.

"எங்கதான் இல்ல. பெறகுதான் சண்ட போட்டு, மறைவா சீட்டுப் போடுற பெட்டி வந்துச்சு. அதுக்கும் ரொம்பக் காலம் கழிச்சுப் பொம்பளைக்கு ஓட்டு வந்துச்சு. கெழவியோட அம்மா, மொத ஓட்டுக்கு, சர்ச்சுக்குப் போடுற நல்ல தொப்பியப் போட்டுக்கிட்டுப் போனாளாம்."

அத்தையும் அந்தத் தொகுதியில் ஓட்டுப் போட்டவள். காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் அங்கே குடியிருந்தால் ஓட்டுப் போடலாம். சணலில் கட்டித் தொங்கவிட்ட பென்சிலால் சிலுவைக் குறி போட்டதைச் சொல்வாள். ஹாஸ்டலில் ஹீட்டர் ஓடவில்லை என்று, சனிக்கிழமை லைப்ரரியில் வந்து உட்காரும் எம்.பி.யிடம் போய்ச் சத்தம் போட்டதையும் சொல்வாள். அவள் கிளம்பிய வருஷம் அங்கே இரண்டு தேர்தல். முதலாவதில் ஓட்டுப் போட்டுவிட்டு, இரண்டாவது வருவதற்குள் விமானம் ஏறிவிட்டாள். அந்த முதல் தேர்தலுக்கு முன்னால் எல்லையை மாற்றி வரைந்து, அவள் ஊரைப் பக்கத்து ஊரோடு சேர்த்து, தொகுதியின் பெயரையே எடுத்துவிட்டார்கள். எத்தனையோ நூறு வருஷப் பெயர். "எங்களக் கேட்டீங்களான்னு அந்த ஊரே கத்துச்சு. வெள்ளைக்காரன் அப்படிக் கத்தி நான் அன்னிக்குத்தான் பார்த்தேன்."

அந்தக் கேள்வியைத்தான் அவள் அங்கிருந்து கொண்டுவந்தாள். பெட்டி நிறையச் சாமான் கொண்டுவந்திருப்பாள் என்று எதிர்பார்த்த உறவினர்களுக்கு அது ஏமாற்றம்.

எழுபத்து ஏழில், மந்தையில் கூட்டம். எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை, அதனால் நானும் தலைக்கட்டு இல்லை. ஓரமாக நின்ற இளவட்டங்களோடு நின்றேன். அத்தை ஷூவைக் கழற்றிவைத்துவிட்டு நேராக ஆண்களுக்கு நடுவில் வந்து நின்றாள். அம்பலக்காரர் எனக்குப் பெரியப்பா, அவளுக்கு அண்ணன் முறை.

"என்னத்தா, யாருக்கும் மேலுக்கு முடியலையா?" என்றார்.

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காக. எந்தச் சின்னம்னு பேசுறீகளாம். எனக்கும் ஒரு ஓட்டு இருக்கு. அதான் வந்தேன்."

"பொம்பளையாளுக மந்தைக்கு வாரது வழக்கமில்லையே" என்றார் ஒருவர்.

"ஓட்டுப் போடுறது வழக்கமாயிருச்சுல்ல."

இளவட்டங்கள் சிரித்தோம். பெரியப்பா சிரிக்கவில்லை. "ஏத்தா, ஒன் ஓட்டை யாரும் புடுங்கலையே. ஊரு சொல்ற எடத்துல ஒன் கையாலேயே குத்து. வேற என்ன வேணும்?"

"குத்துற கை மட்டும் என்னுது. அப்படித்தானண்ணே?"

"அப்ப நீ தலைக்கட்டு வரி குடுப்பியா?" கேலியாகக் கேட்டது யார் என்று தெரியவில்லை.

"குடுக்குறேன். எழுதுங்க."

யாரும் எழுதவில்லை. பொம்பளைக்கு வரி கிடையாது என்று பெரியப்பா முடித்துவைத்தார். அதன் பிறகு ஒவ்வொரு திருவிழாவுக்கும் வரி தண்ட வருகிறவர்கள் அவள் வீட்டைத் தாண்டிப் போவார்கள். அவள் பணத்தோடு வாசலில் நிற்பாள். "என் வீடு கண்ணுக்குத் தெரியலையா" என்பாள். அவர்கள் பேசாமல் நடப்பார்கள். ஊர்க்கணக்கில் இல்லாதவள். ஆனால் ஓட்டுக் கணக்கில் ஊரோடு சேர்ந்தவள். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று அவளைத் தவிர ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஊரில் பி.ஏ. படித்த நான்கு பேரில் நானும் ஒருவன். எனக்கும் வரவில்லை.

நான் ராமநாதபுரத்தில் ஒரு நாளிதழின் நிருபராகச் சேர்ந்த பிறகு என் தங்கை கல்யாணம் நடந்தது. அத்தை முதல் நாளே வந்துவிட்டாள். மணப்பெண்ணுக்குத் தலை பின்னினாள். வெயிலில் மயங்கி விழுந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவருக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தாள். பந்தி போட்டதும் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள்.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க மதினி" என்று அம்மா கெஞ்சினாள்.

"அந்த அண்டா எதுக்கு வந்துச்சு தெரியும்ல? என் ஓட்டுக்கு. நான் விக்கல. அதுல வெந்ததை எப்படித் திங்க?"

"கல்யாண வீட்டுல அரசியல் பேசாதீக மதினி."

"நான் எங்க பேசுறேன். அண்டாதான் பேசுது. பேரு வெட்டியிருக்கு, படிச்சுப் பாரு."

உண்மைதான். அண்டாவின் விளிம்பில் வேட்பாளர் பெயரும் அன்பளிப்பு என்ற சொல்லும் பொறித்திருந்தன. பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அடுப்படிக்குள் போய் அழுதாள். அதன் பிறகு நெடுநாள் இருவருக்கும் பேச்சு இல்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு கல்யாணத்தைக் கெடுக்க வேண்டுமா என்று நானும்தான் கோபப்பட்டேன். அவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை என்பதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நாங்கள்தான் அவள் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

சீட்டு முறை இருந்தவரை ஊரின் பெருமைக்குப் பங்கம் வரவில்லை. பல ஊர்ப் பெட்டிகளைக் கலந்து எண்ணும்போது, எந்த ஊரில் யார் மாற்றிப் போட்டார்கள் என்பது தெரியாது. அத்தை யாருக்குப் போட்டாள் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் முடியாது. மெஷின் வந்ததும் அது போயிற்று. ஒரு பூத்துக்கு ஒரு மெஷின். பொத்தானை அமுக்கினால் அந்த ஊரின் கணக்கு அப்படியே திரையில் வரும். மெஷின் முதலில் வந்தது சட்டமன்றத் தேர்தலுக்கு. அப்போது ஊர்க்காரர்களுக்கு இது உறைக்கவில்லை. அதற்கு அடுத்து வந்த நாடாளுமன்றத் தேர்தலுக்குள் கட்சிக்காரர்கள் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். "இந்த வாட்டி ஒங்க ஊரு நெசமாவே ஒண்ணா இருக்கான்னு தெரிஞ்சு போகும்" என்று சொல்லிவிட்டுத்தான் போர்வெல்லுக்கு ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டாயிரத்து நான்கு. மே மாத வெயில். ஓட்டுப் பதிவு நாள் காலையில் அம்பலக்காரரின் மருமகளுக்கு எட்டாம் மாதத்தில் வலிப்பு வந்தது. அத்தையைக் கூப்பிட்டார்கள். அவள் பார்த்தாள், கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்து நாடியை எண்ணினாள். உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள். அன்றைக்கு ஊரில் இருந்த ஒரே வண்டி கட்சிக்காரர்கள் அனுப்பிய கார்.

"அது கெழடு கட்டைகளைப் பூத்துக்குக் கூட்டியாரதுக்கு வந்த வண்டித்தா" என்றார் பெரியப்பா. "தொண்டிக்கு ஆள் விட்டு வேற வண்டி சொல்லுவோமே."

"அண்ணே, வண்டி வாரதுக்குள்ள ரெண்டு உசுரு போயிரும். அதுல ஒண்ணு ஒங்க பேரப்பிள்ளை. தள்ளுங்க."

காரில் உட்கார்ந்திருந்த இரண்டு கிழவிகளை அவளே கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். மருமகளையும், பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த அவள் தாயாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். மருமகளின் புருஷன், அம்பலக்காரரின் மகன், உடன் போகவில்லை. அவன் பூத் ஏஜண்டு. பூத்தை விட்டு எப்படி வருவது என்றான்.

சாயங்காலம் ஓட்டுப் பதிவு முடியும் நேரத்துக்கு நான் செய்தி சேகரித்துக்கொண்டே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். அப்போதுதான் அத்தையும் வந்து இறங்கினாள். சேலையில் ரத்தம் காய்ந்திருந்தது. ஷூவிலும். வகுப்பறைக்குள் நுழைந்து முதலில் ஏஜண்டு பெஞ்சைப் பார்த்துச் சொன்னாள்: "ஆம்பளப்பிள்ளை. எடை கம்மி. ரெண்டு பேரும் பொழைச்சுட்டாக." அவன் எழுந்து கும்பிட்டான். பிறகு அவள் ஓட்டுச் சாவடி அதிகாரியின் மேசைக்குப் போய்ப் பெயரைச் சொன்னாள்.

அதிகாரி வேறு தாலுகாவிலிருந்து வந்த வாத்தியார். பட்டியலைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். "உங்க ஓட்டுப் பதிவாயிருச்சேம்மா."

அத்தை இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள். நகங்களில் ரத்தம் இருந்தது. மை இல்லை.

"யாரோ போட்டுட்டாங்க போல" என்றார் அவர்.

"யாரோன்னா யாரு? இந்தப் பேருல நான் ஒருத்திதான் இருக்கேன்."

அவள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். அம்பலக்காரர் மகன் தரையைப் பார்த்தான். எதிர்க்கட்சி ஏஜண்டாக உட்கார்ந்திருந்தவனும் எங்கள் ஊர்க்காரன்தான். அவன் சன்னலைப் பார்த்தான். ஊரில் இல்லாதவர்களின் ஓட்டு வீணாகக் கூடாது என்று யாரையாவது விட்டுப் போடச் செய்வது வழக்கம். அன்று காலையில் அம்பலக்காரர் மகனின் பெண்டாட்டியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடியவளின் ஓட்டை, அவள் ஊரில் இல்லை என்று சொல்லி, அவன்தான் போட வைத்திருந்தான்.

"ஒருத்தர் ஓட்டை வேற ஆள் போட்டுட்டா, உரிமைக்காரருக்குத் தனிச் சீட்டுக் குடுக்கணும். சட்டத்துல இருக்கு. குடுங்க" என்றாள் அத்தை.

அது இருக்கிறது. டெண்டர் ஓட்டு என்பார்கள். அதிகாரி கையேட்டைப் புரட்டினார். "நேரமாச்சும்மா, விட்டுருங்களேன்" என்றார். அவள் விடவில்லை. கடைசியில் சீட்டு வந்தது. அட்டை மறைப்புக்குப் பின்னால் போய்க் குறியிட்டு, மடித்துக் கொடுத்தாள். அவர் அதை ஓர் உறைக்குள் வைத்தார். ஊரே வாசலில் நின்று பார்த்தது.

எண்ணிக்கை நாளில் எங்கள் பூத்தின் கணக்கு வந்தது. விழுந்ததெல்லாம் ஊர் சொன்ன சின்னத்துக்கு. ஒன்று மட்டும் எதிர்ச் சின்னத்துக்கு.

அடுத்த நாள் மந்தையில் கூட்டம். முப்பது வருஷமாக அவள் கேட்டது அன்றைக்குத்தான் கிடைத்தது. மந்தைக்கு வரச் சொல்லி ஆள் விட்டார்கள்.

"தனியாச் சீட்டுக் கேட்டு வாங்கிப் போட்டியே. யாருக்குப் போட்ட?" என்று கேட்டார் பெரியப்பா.

"அதைச் சொன்னா பெட்டி எதுக்கண்ணே?"

"ஊருக்குத்தான் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. முடிச்சுக்கிருவோம்." அவர் குரல் கிட்டத்தட்டக் கெஞ்சியது. பேரன் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தான்.

"எனக்குப் பதிலா யாரோ போட்டாகளே, அவுகளக் கூப்பிட்டு நிறுத்துனீகளா? என்னைய மட்டும் நிறுத்தி வச்சுக் கேக்குறீக."

"ஊருக்குக் கட்டுப்படாதவ ஊருக்கு வேண்டாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பல குரல்கள் சேர்ந்தன. தண்ணீர்க் குழாய் இல்லை, கடையில் சாமான் இல்லை, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை, அவளோடு யாரும் பேசக் கூடாது. பெரியப்பா தலையை நிமிர்த்தாமல் அதைச் சொல்லி முடித்தார்.

அத்தை ஷூவை மாட்டிக்கொண்டாள். "எங்கிட்ட ஒரு வருஷமாவது வரி வாங்கியிருக்கீகளா? உள்ள சேர்த்திருந்தாத்தான வெளிய தள்ள முடியும்" என்றாள். பதில் வரவில்லை. அவளோடு பேசக் கூடாது என்று அப்போதுதானே தீர்மானித்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் ராமநாதபுரத்திலிருந்து சாமான் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பத்திரிகைக்காரனுக்குத் தெரிந்த ஒரு விஷயம் என்னிடம் இருந்தது. மெஷினில் பதிவாகாத அந்தத் தனிச் சீட்டை எண்ணவே மாட்டார்கள். உறையில் போட்டு ஒட்டி வைத்துவிடுவார்கள். வழக்கு வந்து கோர்ட்டு சொன்னால்தான் பிரிப்பார்கள்.

"தெரியும். அந்த வாத்தியாரே காதோட சொன்னாரு" என்றாள்.

"அப்ப மெஷின்ல இருக்குற அந்த ஒண்ணு உங்களுது இல்ல அத்தை. ஊர்ல ஒரு பயலுக்கும் இது தெரியல. நான் பேப்பர்ல எழுதுறேன். போலீசுக்கும் போவோம்."

"போயி? சம்மன் குடுத்து எங்கூடப் பேச வைப்பாகளா?" சாமான் பையைப் பிரித்து அரிசியை டப்பாவில் கொட்டினாள். "எழுதிராத மருமகனே."

"ஏன்?"

"நான் இல்லன்னு தெரிஞ்சா வேற யாருன்னு தேடுவாங்கெ. எனக்குச் சீமையிலருந்து பென்ஷன் வருது, காடு கரை இருக்கு. சமாளிச்சுக்குவேன். அந்த ஆளுக்கு என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும். அடிக்கிற புருஷன் இருக்கானோ, என்னமோ."

"யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் தேடாத." டப்பாவை மூடினாள். சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "இத்தன வருஷம் தனியாத்தான் கத்திக்கிட்டு இருக்கேன்னு நெனச்சிருந்தேன்."

அந்த இங்கிலாந்து மேடைக் கதையை அதற்குப் பிறகு அவள் சொல்லி நான் கேட்கவில்லை. சொல்வதற்கு ஆளும் இல்லை. இரண்டாண்டு கழித்து வந்த சட்டமன்றத் தேர்தலின்போது அவள் கண் புரை ஆபரேஷனுக்காக மதுரையில் இருந்தாள். அவள் ஓட்டு ஊரில் விழுந்திருக்கும். விசாரிக்க வேண்டாம் என்றாள். அந்த முறை ஊரின் கணக்கில் ஒன்றும் மாறி விழவில்லை. ராமநாதபுரத்துக்கு வந்து என்னோடு இருக்கச் சொல்லிப் பலமுறை கூப்பிட்டேன். "நான் போயிட்டா அவுக சொன்னது நடந்த மாதிரி ஆயிரும்" என்று மறுத்துவிட்டாள். நான் மாதத்துக்கு இரண்டு முறை சாமான் கொண்டுபோய்க் கொடுத்தேன். தண்ணீருக்குத் தன் தோட்டத்துக் கிணறு. அது கோடையில் கரிக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அப்போதும் கட்டுப் போட வருகிறவர்கள் வந்தார்கள். இருட்டிய பிறகு, பேசாமல் காலை நீட்டுவார்கள். அவள் திட்டுவாள், கட்டுவாள். பதில் இல்லாமல் போவார்கள். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. ஒற்றுமை என்று நிச்சயம் பெயர் இல்லை.

அடுத்த நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்னால் தொகுதிகளின் எல்லையை மாற்றினார்கள். அதுவரை எங்கள் ஊருக்கு மாவட்டம் ஒன்று, நாடாளுமன்றத் தொகுதி வேறொன்று. இப்போது மாவட்டத்தின் பெயர் கொண்ட தொகுதிக்கே வந்துவிட்டோம். இதைச் சொன்னபோது அத்தை படுக்கையில் இருந்தாள். இதயம் வீங்கிக் கால் வரைக்கும் நீர் கோத்திருந்தது.

"ஊரக் கேட்டாகளா?" என்றாள்.

"கருத்துக் கேட்டாங்க. யாரும் போகல."

"போகமாட்டாங்கெ" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தத் தேர்தல் வருவதற்குச் சில மாதம் முன்பு இறந்துபோனாள். பெரியப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். சாவுக்கு ஊர் வரவில்லை என்றால் தூக்க ஆள் இல்லை. சங்கு ஊதுகிறவர் அம்பலக்காரர் சொன்னால்தான் வருவார்.

"ஊர்ல இல்லாதவளுக்கு நான் எப்படிச் சொல்றது" என்றார். பேரன் அவர் மடியில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தான். அவன் பிழைத்து வந்த கதை எல்லாருக்கும் தெரியும்.

அலுவலகத்திலிருந்து நான்கு நண்பர்களை வரவழைத்து நான் தூக்கினேன். சங்கு இல்லை. முன்வாசலுக்கு ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. கொல்லை வழியாக, மாட்டுக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு, முக்காடு போட்ட பெண்கள் வந்து அவள் காலைத் தொட்டுவிட்டுப் போனார்கள். யார் யார் என்று நான் பார்க்கவில்லை. வேண்டுமென்றே முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.

தேர்தல் முடிந்து வாக்குகளை எண்ணி இரண்டு மூன்று நாள் கழித்து, வீட்டைப் பூட்டிச் சாவி கொண்டுவருவதற்காக ஊருக்குப் போனேன். போர்வெல் குழாய்க்கு எதிரில் இருந்த டீக்கடையில் அம்பலக்காரர் மகன் உட்கார்ந்திருந்தான். அந்த முறையும் அவன்தான் ஏஜண்டு. எனக்குத் தம்பி முறை.

"வாங்கண்ணே. டீ சாப்புடுங்க" என்றான். முகம் சரியில்லை.

"என்னப்பா, ஊரு ஒண்ணாத்தான விழுந்துச்சு?"

"எங்கண்ணே. மறுபடியும் ஒண்ணு மாறி விழுந்திருக்கு. கட்சிக்காரங்கெ கேவலமாப் பேசுறாங்கெ."

நான் டீயைக் குடித்தேன்.

"அத்தை இருந்தாலாவது அத்தைன்னு சொல்லலாம்" என்றான். "அத்தை செத்துப்போச்சு. லிஸ்ட்டுல பேரு இருந்துச்சு, வீணாப் போக வேணாம்னு அத்தை ஓட்டையும் நம்மாளுகளத்தான் போடச் சொன்னேன். ஊருச் சின்னத்துலதான் அமுக்குனாங்கெ. கூடவே நின்னேன். போன எம்.பி. எலெக்சனுலயும் அப்படித்தான், நான்தான்..."

பேச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டான். அவன் வாயாலேயே அதைச் சொல்லிக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் தம்ளரை வைக்க இடம் தெரியவில்லை. ஊரில் இல்லாதவள் என்று சொல்லிச் சங்கு ஊத மறுத்தார்கள். பிணத்துக்கு இல்லாத ஊர், ஓட்டுக்கு மட்டும் அவளை உள்ளே சேர்த்துக்கொண்டிருந்தது.

அவன் வேறு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். மெஷினில் அவள் பெயரில் விழுந்தது இரண்டு முறையும் அவன் போடச் சொன்ன ஓட்டு. வாத்தியார் உறைக்குள் வைத்த சீட்டு மெஷினுக்குள் போகவே இல்லை. அவன்தான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன்.

"அப்ப போன தடவை..." என்றான் மெதுவாக. "அண்ணே, போன தடவை மாறி விழுந்தது அத்தையோடது இல்லையா?"

"இல்ல."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அத்தைக்கும் தெரியும்."

"அப்ப யாருண்ணே?"

"அதைச் சொன்னா பெட்டி எதுக்குப்பா?"

அவன் திரும்பிக் குழாயடியைப் பார்த்தான். பத்துப் பதினைந்து பெண்கள் குடங்களோடு நின்றிருந்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, கைத்தடியோடு ஒரு கிழவி, பள்ளிக்கூடம் முடித்த பெண்கள் இரண்டு பேர். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். அவன் அம்மாவும் பெண்டாட்டியும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றார்கள். அவர்களையும் பார்த்தான்.

யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையாக நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.